என் கையையும் உடை

எங்கள் அப்பா அடிப்பது ரூல்தடியால். அவர் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த உருண்டைத் தடி. அந்த நாளில் கல்கத்தாவில் டைப் அடிக்கவும் சுருக்கெழுத்து எழுதவும் நம் மதராஸ் பக்கத்துப் பையன்கள்தான் வேண்டும் என்று துரைமார் கேட்பார்கள். நான் மூத்த பிள்ளை. பதின்மூன்று வயதிலேயே என் கதை முடிவாகிவிட்டது. மெஷின் வாங்க வழியில்லாததால் சாப்பிட உட்காரும் மணைப்பலகை ஒன்றில் அப்பா வட்டம் வட்டமாகப் போட்டு எழுத்துகளை எழுதினார். சத்தமே வராத அந்தப் பலகையில் ஆறு வருஷம் டைப் அடித்தேன். விரல் தப்பான வட்டத்தில் விழுந்தால் அந்த விரல்மேலேயே தடி விழும்.

எனக்கு வேண்டியது குஸ்தி. பாலிகஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் டாக்குரியாவில் ஒரு குளக்கரை வரும். அங்கே மாந்தோப்புக்குள் மண்ணைக் கொத்தி, கடுகெண்ணெயும் மஞ்சளும் கலந்து போட்ட கோதா. மூன்று வருஷம் விடியற்காலையில் அங்கே போய்ப் புரண்டுவிட்டுக் குளத்தில் முழுகி ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா என்னைப் பெரிய ஆசாரக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாத் மதராஸி என்பதை வங்காளி வாயால் மாத்ராஜி என்றுதான் சொல்லி என்னைக் கூப்பிடுவார். "மாத்ராஜி, புளியும் சோறும் தின்ற உடம்பா இது?" என்று முதுகில் ஓங்கி அறைவார். என்னை யாரும் சந்தோஷத்தில் அடித்தது அங்கேதான்.

பெஹாலாவில் ஒரு ஜமீன்தார் பயில்வான்களை வைத்துச் சோறு போட்டு வளர்த்தார். அவர் தோட்டத்துப் போட்டியில் நான் ஜெயித்தால் என்னையும் எடுத்துக்கொள்வதாக உஸ்தாதிடம் சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஒரு புதன்கிழமை அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "துரை கேட்டுட்டார். வர திங்கட்கிழமை நீ சேரணும்."

"எனக்கு இஷ்டமில்லை" என்றேன்.

"உன் இஷ்டத்தை யார்டா கேட்டா? ஆத்துல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது."

குஸ்தியைச் சொல்லிவிட்டேன். பெஹாலாவையும் சொன்னேன். "மாட்டுக்காரனோட மண்ணுல கட்டிப் புரளவா உன்னைப் பெத்தேன்?" என்று தடியை எடுத்தார். தோள், முதுகு, முழங்கால். நான் அசையாமல் நின்றேன். நினைத்திருந்தால் அவரைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பேன். அம்மா சமையலறை வாசலில் நின்று சொன்னாள்: "கையில மட்டும் அடிக்காதேங்கோ. திங்கட்கிழமைக்கு வேணும்."

அடித்தவர்மேல் வராத ஆத்திரம் எனக்கு அவள்மேல் வந்தது. ஆனால் எனக்கு வழி காட்டியதும் அவள்தான். கை இல்லாவிட்டால் திங்கட்கிழமை இல்லை.

எந்த விரல் போனால் டைப் அடிக்க முடியாது, ஆனாலும் குஸ்தி போடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும். வெள்ளிக்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போனதும் அவற்றை அம்மிமேல் வைத்து, வலது கையால் குழவியைத் தூக்கிப் போட்டேன். ஒரு தடவை போதவில்லை. இரண்டாம் தடவை எலும்பு நொறுங்குவது பல் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் டாக்டர்பாபு கட்டிவிட்ட கட்டை அப்பா பார்த்தார். குழவி தவறி விழுந்தது என்று நான் சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை. ஆனால் அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்பக்கம் திரும்பி என் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியவன். வைத்தியம் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு தெரியாது அவனுக்கு. கொல்லையில் தவளையை அறுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். காலேஜில் சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"கையைக் காட்டு" என்றார் அப்பா. அவன் பத்து விரலையும் நீட்டினான். "திங்கட்கிழமை என்னோட நீ வரே. போகப் போகக் கத்துக்கலாம்."

முட்டாள், எனக்கு இது தோன்றவே இல்லை. வேலை எனக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். எங்களைப் போன்ற வீடுகளில் வேலை ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. ஒரு கை போனால் அடுத்த கை.

நான் அப்பாவிடம் போய், எட்டு விரலோடு நானே வருகிறேன் என்றேன். "துரைகிட்ட நொண்டிக் கையைக் காட்டச் சொல்றியா? நீ எங்க வேணும்னாலும் போய்ப் புரளு. உன்னை யாரும் கேக்கமாட்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது தம்பி என்னைச் சமையலறைக்கு அழைத்தான். அம்மிமுன் உட்கார்ந்து வலது கையை அதன்மேல் வைத்தான்.

"அண்ணா, என் கையையும் உடை."

"பைத்தியமாடா நீ?"

"நானே போட்டுப் பார்த்தேன். குழவி வரச்சே கை தானா இழுத்துக்கறது. நீ போடு. ரெண்டு விரல் போறும். ரெண்டு விரல் இல்லாம எத்தனையோ டாக்டர் இருக்கா."

குழவியைத் தூக்கினேன். அவன் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்தான். விரல்கள் மெலிந்து நீளமாக இருந்தன. குழவியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உனக்குன்னா முடியறது, எனக்குன்னா முடியலியாடா?" என்றான். அதுவரை என்னை அவன் டா போட்டதில்லை. அப்புறம் என்மேல் பாய்ந்தான். சண்டை போடத் தெரியாதவன். கண், வாய், காது என்று எங்கே கை பட்டாலும் குத்தினான். என் மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. கட்டுப் போட்ட கையைக் காலால் மிதித்தான். "திருப்பி அடிடா, பயில்வான்" என்று அழுதுகொண்டே மிதித்தான். நான் அடிக்கவில்லை. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்து அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் விரல்களைத்தான் முதலில் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் தம்பியும் ரயிலேறிப் போனார்கள். அதன்பின் தம்பி என்னோடு பேசவில்லை. காலேஜ் திறந்த நாளிலும் ஆபீஸுக்குத்தான் போனான்.

ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தேன். பெஹாலாவுக்குப் போனேன். வேறு என்ன செய்வது? இவ்வளவு செய்துவிட்டுப் போகாமல் இருக்கவும் முடியாது. எதிரே நின்றவன் பீஹாரிப் பால்காரன், என் வயது. எனக்கு எல்லோர்மேலும் இருந்த கோபம் முழுவதும் அவன்மேல் இறங்கியது. சீக்கிரமே அவன் முதுகு மண்ணில் பட்டுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். "போதும், விடு" என்று உஸ்தாத் கத்தினார். என் பிடியில் அவன் மணிக்கட்டு இருந்தது. விடவில்லை, முறுக்கினேன். அது உடைகிற வரைக்கும் முறுக்கினேன்.

உஸ்தாத் என்னை மயிரைப் பிடித்து இழுத்துக் கோதாவுக்கு வெளியே தள்ளினார். "மாத்ராஜி, இது குஸ்தி இல்லை. இனி என் மண்ணை மிதிக்காதே" என்றார். ஜமீன்தார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தம்பிக்குச் செய்ய மாட்டேன் என்றதை, பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்குச் செய்தேன். அவன் எழுந்திருக்காமல் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தான். அவன் பிழைப்பே அந்தக் கையால் பால் கறப்பது.