ஹேமலதா எழுதிய மஞ்சள் சீட்டு

காலை பத்தரை மணி இருக்கும். ஸ்பேர்ஸ் கவுண்டரில் ஃபில்டர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குரூப். "நம்முடன் சர்வீஸ் அட்வைசராகப் பணியாற்றிய திருமதி ஹேமலதா அவர்கள் இன்று காலை மாரடைப்பால் இயற்கை எய்தினார். அமைதியானவர். யாரையும் எதிர்த்துப் பேசாதவர். ஆழ்ந்த இரங்கல்." எழுதியவர் எங்கள் மேனேஜர். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழுந்துகொண்டே இருந்தன.

முதல் வரியைப் படித்ததும் கண் கலங்கியது. அடுத்த வரிக்குக் கோபம் வந்தது. கண்ணீர் அன்றைக்கே காய்ந்துவிட்டது, கோபம் இன்னும் காயவில்லை.

ஹேமலதா அமைதியானவரா? கூட வேலை பார்த்த நீங்களே சொல்லுங்கள். முன்வாசலில் அவர் பேசினால் பின்பக்கம் கார் கழுவுகிறவர்களுக்குக் கேட்கும். கோபம் தலைக்கேறினால் தமிழ் பற்றாது. அக்காவுக்குப் போன் போட்டு சௌராஷ்டிரத்தில் பொரிந்து தள்ளுவார். நமக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் திட்டு வாங்குவது யார் என்று வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். பெரும்பாலும் அது மேனேஜர்தான். அந்த மனிதரே இன்றைக்கு "எதிர்த்துப் பேசாதவர்" என்று எழுதுகிறார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம். ஆகவே நான் மறுக்கிறேன். என் பெயர் தவமணி. பதினோரு வருடமாக அதே ஸ்பேர்ஸ் கவுண்டரில் நிற்கிறேன். அவருடைய பெயர் கெட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்று நினைக்கிறேன். செக்கானூரணிப் பக்கமிருந்து ஒருவர் புதுக் காரை முதல் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். நெல், தென்னை என்று விவசாயம் பார்க்கிறவர். குடும்பத்திலேயே முதல் கார். ஒரு கையில் சாவி, மறு கையில் சிம்மக்கல்லில் வாங்கிய ஆயில் கேன்.

"தாயி, ஆயில நானே கொண்டாந்துட்டேன். இதத்தேன் ஊத்தணும். எம்மச்சான் லாரிக்கு வருசக்கணக்கா இதத்தேன் ஊத்துறாரு. இம்புட்டுத் தடிப்பா இருந்தாத்தேன் என்ஜின் தாங்குமாம்."

ஹேமலதா கேனைத் திருப்பிப் பார்த்தார். "அது லாரிண்ணே, டீசலு. இது பெட்ரோல் காரு. பச்சப்புள்ளைக்குக் கறிச்சோறு ஊட்டுவீகளா?"

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கேனை விடவில்லை. ஹேமலதா காருக்குள் தலையை விட்டு, டாஷ்போர்டு பெட்டியிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. உறையின் மேல் கோயிலில் பூஜை போட்டபோது வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. "பொட்டு வச்சுக் கும்பிட்டீக, சரி. பிரிச்சுப் பாத்தீகளா?" என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே உறையைக் கிழித்து, ஆயில் பக்கத்தை எடுத்து நீட்டினார். "புதுக் காருக்கு என்ன ஆயிலுன்னு மச்சானக் கேக்காதீங்கண்ணே. காரக் கேளுங்க."

அந்தக் கேன் அன்றைக்கே அவருடைய டிராக்டருக்குப் போனது. "காரக் கேளுங்க" என்பது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழமொழியாகவே ஆகிவிட்டது. கேலியாகத்தான் முதலில் சொன்னோம்.

மேனேஜருக்கு வேறொரு வேதம் இருந்தது. "இது மதுரை. அடிக்கிற வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில ஊத்துனா என்ஜின் வெந்துபோகும். இந்த ஊருக்குக் கட்டி ஆயில்தான்." அவர் மட்டுமா? நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் நம்புகிறோம். பங்குனி வெயிலில் மண்டை காய்ந்து நிற்கிறவனுக்கு, என்ஜினுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஹேமலதா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வெயிலு நமக்குத்தான் சார். ஓட ஆரம்பிச்சுட்டா கொடைக்கானல்லயும் மதுரையிலயும் என்ஜினுக்குள்ள சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அத ஒரே அளவுல வச்சுக்கத்தான் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இருக்கு."

ஒரு நாள் காலை, பட்டறையில் வேலை தொடங்கும் முன்பு, கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கி வந்தார். தட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு ஓரத்தில் மெல்லிய 0W-20 ஆயில் ஒரு சொட்டு, பக்கத்தில் பட்டறையின் பெரிய ட்ரம்மிலிருந்து கட்டியான 15W-40 ஒரு சொட்டு. மெல்லிய ஆயில் சரசரவென்று கீழே வந்து சேர்ந்தது. கட்டி ஆயில் பாதி வழியில் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. "W-க்கு முன்னாடி இருக்க நம்பரு, ஆறிக் கெடக்குற என்ஜின்ல ஆயில் எம்புட்டு வேகமா ஓடும்னு சொல்லுது. பின்னாடி இருக்கது, சூடானப்புறம் எம்புட்டுத் தடிப்பா நிக்கும்னு சொல்லுது. புது என்ஜினுக்குள்ள இடுக்கெல்லாம் ரொம்பச் சின்னது. காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் ஆயில் மேல போய்ச் சேரணும். சேர்றதுக்குள்ள தேயுறது நம்ம கண்ணுக்குத் தெரியாது" என்றார். மெக்கானிக்குகள் தலையாட்டினார்கள். மேனேஜர் அந்தத் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

இனி அந்த மஞ்சள் சீட்டு.

வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு வண்டிக்கு என்ன ஆயில், என்ன ஃபில்டர் வேண்டும் என்று அட்வைசர் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு அனுப்புவார். பொருளைக் கொடுத்துவிட்டு நான் அதிலேயே கையெழுத்துப் போடுவேன். ஒரு சனிக்கிழமை கே.கே. நகரிலிருந்து ஒரு நர்ஸ் அம்மா காரை விட்டுவிட்டுப் போனார். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. ஹேமலதாவிடமிருந்து சீட்டு வந்தது. சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்: "0W-20 மட்டும். இல்லையென்றால் வண்டியைத் தொட வேண்டாம். திங்கள் வரை நிற்கட்டும்."

அன்று 0W-20 இருப்பு இல்லை. திங்கட்கிழமைதான் லோடு வரும். மேனேஜர் உள்போனில் கூப்பிட்டார். "ட்ரம்ல இருந்து குடுத்து விடு தவமணி. சாயங்காலம் டெலிவரி சொல்லியாச்சு. ஒரு தடவ ஊத்துனா ஒண்ணும் குடி முழுகிடாது." ஹேமலதா அந்த நேரம் வேறொரு வாடிக்கையாளரோடு டெஸ்ட் டிரைவ் போயிருந்தார். நான் ட்ரம்மைத் திறந்தேன். சீட்டில் அவருடைய சிவப்பு எழுத்துக்குக் கீழேயே "15W-40 ட்ரம்மிலிருந்து வழங்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார். மேனேஜர் அறைக்குப் போனார். அன்றைக்கு அந்த அறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நீங்கள் எல்லோரும்தான் கேட்டீர்கள். அதற்குள் அந்த நர்ஸ் வண்டியை எடுத்துப் போய்விட்டார். ஹேமலதா அவருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவரச் சொன்னார். டூட்டி, டூட்டி என்று அவரால் வர முடியவில்லை.

அடுத்த மாதம் வண்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தடதடவென்று சத்தம், என்ஜின் விளக்கு அணைவதே இல்லை. வால்வ் பக்கம் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஒரு பாகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அம்மா சும்மா விடவில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதினார். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். யார் தலையையாவது உருட்ட வேண்டும் என்ற நிலை. மேனேஜர் முதல் நாளே என் கவுண்டருக்கு வந்தார். "அந்த மஞ்சள் சீட்டக் கிழிச்சுப் போட்ரு மாப்ள." என்னை அவர் மாப்ள என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கிழிக்கவும் தைரியம் இல்லை, காட்டவும் தைரியம் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணையில், அட்வைசர் ஆயில் கிரேடைக் குறிப்பிடவே இல்லை என்றார் மேனேஜர். ஹேமலதா என் பக்கம் திரும்பினார். "தவமணி அண்ணே, சிவப்பு மையில எழுதி அனுப்புனேன். நீங்க பாத்தீங்கள்ல? சொல்லுங்க."

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் வேலை போனது. வேலை போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்த ஆயில் ஊற்றுவது என்று தெரியாத அட்வைசர்" என்று இங்கிருந்து ஊரிலுள்ள வேறு நான்கு ஒர்க்‌ஷாப்புகளுக்குச் செய்தி போனது. அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்! சமையல்காரனைப் பார்த்து உப்பு எதுவென்று தெரியாதவன் என்பது மாதிரி. எந்த ஒர்க்‌ஷாப்பும் அவரை எடுக்கவில்லை. கடைசியில் சிம்மக்கல்லில் ஒரு ஆயில் கடையில் கவுண்டரில் நின்றார்.

பிறகு நானும் ஒரு சின்னக் கார் வாங்கினேன். ஒர்க்‌ஷாப் ட்ரம்மை நம்ப மனம் வரவில்லை என்பதே உண்மை. சிம்மக்கல் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வாங்கண்ணே. புது வண்டியா? புத்தகத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இத்தனை வருடம் ஸ்பேர்ஸில் நின்றவன், என் சொந்த வண்டியின் கையேட்டை நான் பிரிக்கவே இல்லை. அதன் மேலேயும் குங்குமம்தான் இருந்தது. அவர் ஆயில் எடுக்கவில்லை. "போய் எடுத்துட்டு வாங்க" என்றார். வண்டி நிறுத்திய இடம் வரை அந்த நெரிசலில் நடந்து போய் எடுத்து வந்தேன். "சத்தமா வாசிங்க." எல்லோர் முன்னாலும் வாசித்தேன். கேனை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "ஞாபகம் வச்சுக்கங்கண்ணே" என்றார். அதற்கு மேல் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செய்தி வந்த அன்று பழங்காநத்தத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் எங்கள் ஒர்க்‌ஷாப் பெயரில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "பணியில் பிழையறியாத சகோதரி" என்று போட்டிருந்தது. பிழை செய்தவர் என்று எழுதி அனுப்பிய அதே ஒர்க்‌ஷாப். அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. எறியவில்லை. நான் அப்படியெல்லாம் எறிகிறவன் இல்லை என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் கணவர் பத்மநாபனிடம் மஞ்சள் சீட்டை நீட்டினேன். இத்தனை நாள் என் பீரோவில் இருந்தது என்று சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஹேமலதாவின் போனை எடுத்து வந்தார். அதில் ஒரு போட்டோவைக் காட்டினார். அதே சீட்டு. சிவப்பு எழுத்து, கீழே என் கையெழுத்து. மேனேஜர் அறைக்குப் போவதற்கு முன்பே எடுத்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் சார் காட்டல?"

"நானும் இதையேதான் கேட்டேன். காட்டுனா மேனேஜர் மாட்ட மாட்டாரு, ட்ரம்மத் தொறந்து கையெழுத்துப் போட்ட ஆளுதான் வீட்டுக்குப் போவாருன்னு அவ சொன்னா. ஊத்தச் சொன்னவரு பேரு அதுல எங்க இருக்குன்னு கேட்டா." போனை அணைத்தார். "அவளுக்கு உங்க மேல ஒண்ணும் பிரியம் இல்ல. தப்பா நெனைக்காதீங்க. 'அந்தத் தொடைநடுங்கி தானா வந்து சொல்லட்டும், அப்பக் காட்டுறேன்'னு சொல்லுவா."

நான் வந்து சொல்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். சிம்மக்கல்லில் கேனை எடுத்து வைத்தபோதும் காத்திருந்திருக்கிறார். அவர் மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது. போட்டோவைக் காட்டி என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். காத்திருக்கத் தகுதி இல்லாத ஒருவனுக்காகக் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

பத்மநாபனிடம் கேட்டு வாங்கிய அந்தப் போட்டோவை மறுநாள் காலை குரூப்பில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "சிவப்பு எழுத்து ஹேமலதாவுடையது. கையெழுத்து என்னுடையது. ட்ரம்மைத் திறக்கச் சொன்னது மேனேஜர். சீட்டைக் கிழிக்கச் சொன்னதும் அவரே." எல்லோரும் பார்த்தீர்கள். ஒருவர்கூட ஒரு கும்பிடும் கையைப் போடவில்லை. மேனேஜர்தான் போன் செய்தார்.

"என்ன தவமணி, செத்தவங்கள நிம்மதியா விட மாட்டியா?"

"அவங்கள நிம்மதியா விட்டாச்சுண்ணே. நாம நிம்மதியா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்."

நாளைக்கு என் வேலை இருக்குமா என்று தெரியாது. நான்கு ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அந்தச் சீட்டின் நகலை அனுப்பிவிட்டேன். ஹேமலதாவைத் தெரிந்தவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அவரை அமைதியானவர் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.

அசல் சீட்டு அவர் வீட்டில் இருக்கிறது, அது அவர்களுக்குச் சொந்தம். என்னிடம் இருப்பது அவர் எனக்கு வைத்த பெயர் மட்டும். தொடைநடுங்கி. ஒவ்வொரு வண்டிக்கும் எது பொருந்துமோ அதை மட்டுமே எடுத்துக் கொடுத்தவர் அவர். எனக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்.