இளவன்னியனின் முதற் கடகம்

இளைய மகனுக்கு இளவன்னியன் பட்டம் கட்டவேண்டும் என்று ஊரவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மூத்தவனின் ஆண்டுத் திவசம்கூட முடிந்திருக்கவில்லை. மூத்தவன் அந்தப் பட்டத்தோடுதான் செத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்து, ஆசிரியையாகி, ஓமந்தைக்கு உள்ளே காட்டோரமாக இருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கணவரின் வழியினர் வன்னியை ஆண்டவர்களின் கிளை. ஆட்சி வெள்ளைக்காரர் காலத்திலேயே போய்விட்டது. மிஞ்சியது குளக்கட்டில் உள்ள ஐயனார் கோவிலில் முதல் மரியாதையும், தகப்பனுக்கு வன்னியனார், மூத்த மகனுக்கு இளவன்னியன் என்ற பட்டங்களும்தான். மழைக்கு முன் வரும் கோவில் பொங்கலன்று வெள்ளைத் துணி விரித்து, மகனை அதில் நடத்தி, தகப்பன் தன் கையால் தலைப்பாகை கட்டிவிடுவார். அதன் பிறகு ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மீசை அரும்பாத பையனுக்கு நரைத்தவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். எனக்கு அது உள்ளூரச் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பட்டத்துக்கு ஒரு கடமையும் உண்டு. குளக்கட்டுக்கு ஆபத்து வந்தால் முதற் கடகம் மண்ணை, ஒரு பனையோலைக் கூடை நிறைய, இளவன்னியன்தான் சுமந்து இறங்கிப் போடவேண்டும். அவன் போட்ட பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். வன்னியனார் இறங்கக்கூடாது, அவருக்கு ஏதும் நேர்ந்தால் ஊர் தலையற்றுப் போகுமாம். கட்டு உறுதியாக இருந்த வருடங்களில் அது சும்மா ஒரு சடங்காக நடந்தது. மழை தொடங்குமுன் ஒரு கடகம் மண்ணைக் கொட்டிவிட்டு எல்லோரும் பொங்கல் சாப்பிட வருவார்கள்.

மூத்தவன் செத்த மார்கழியில் மழை விடவேயில்லை. ஒரு காலை, குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் விதானையார் நாலைந்து பேரோடு வந்து முற்றத்தில் நின்றார். தண்ணீர் திறந்துவிடும் துரிசுக்குப் பக்கத்தில் கட்டு கசிகிறது என்றார். என் கணவர் கதிரையை விட்டு எழுந்தார். விதானையார் அவரைப் பார்க்கவில்லை. குசினிக்குள் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, "இளவன்னியனார், வாங்கோ" என்றார்.

மகன் கையைக் கழுவினான். தலைப்பாகையை எடுத்துத் தானே கட்டினான். நான் வாசலை மறித்தது போல நின்றிருக்கவேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"முதல் மரியாதை வாங்கினனான்தானே அம்மா. முதல் சேறும் எனக்குத்தான்."

நடந்ததைப் பிறகு பலரும் சொன்னார்கள். கட்டின் வெளிப்பக்கச் சரிவில் கசிவு இருந்தது. அவன் கடகத்தோடு இறங்கினான். மண்ணைக் கொட்டிவிட்டு நிமிருமுன் கட்டு அவன்மேல் சரிந்தது. இறங்கக் காத்து நின்றவர்கள் பின்னால் பாய்ந்து தப்பினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அவனை வயலுக்குள் கண்டெடுத்தார்கள். தலைப்பாகை அவிழவில்லை என்று ஒருவர் எனக்கு ஆறுதல் போலச் சொன்னார்.

அதே விதானையார்தான் இப்போது இளையவனுக்காக வந்திருந்தார். கட்டைத் திருத்தியாகிவிட்டது, அடுத்த மழைக்கு முன் பட்டம் கட்டவேண்டும் என்றார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"உங்கடை மோனுக்குக் கட்டுங்கோ."

அவர் கோபப்படவில்லை. "ரீச்சரம்மா, என்ரை மோன் இறங்கினால் அவனுக்குப் பின்னாலை ஆர் இறங்குவினம்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. என் கணவர்தான் கடைசியில் வாய் திறந்தார். இந்த வீட்டில் இனி யாருக்கும் பட்டம் கட்டுவதில்லை என்றார். வந்தவர்கள் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்த வருடப் பொங்கலில் எங்களுக்கு மரியாதையும் வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த மழையும் பெரிய மழைதான். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கட்டு மறுபடி கசிகிறது என்று கேள்விப்பட்டுக் குடையோடு ஓடினேன். கட்டின்மேல் ஊரே நின்றது. கடகங்களில் மண் நிரம்பியிருந்தது, வெட்டிய கொப்புகள் குவிந்திருந்தன. ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை; எங்கள் வீட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே வயல்களில் எல்லோருடைய நெல்லும் கதிர் தள்ளி நின்றது. எங்களுடையதும்தான்.

இளையவன் அந்தப் பாதையால் வந்தான். வெறுந்தலை. நான் கூப்பிட்டது அந்த மழையில் கேட்டதோ தெரியாது. ஒரு கடகத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினான். உடனே அவனுக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். விதானையாரும் அவர் மகனும்கூட.

அன்று கட்டு நின்றது. வீட்டுக்கு வந்தவன் என் முகத்தைப் பாராமல், "ஒருத்தரும் இறங்கேல்லை அம்மா. என்ன செய்யிறது?" என்றான். நான் அவன் முதுகில் இருந்த சேற்றைக் கழுவினேன். இன்றும் மழை இருட்டினால் அவன் எங்கே என்று தேடுகிறேன்.

பட்டம் கட்டவில்லை, வெள்ளை விரிக்கவில்லை. ஆனால் போன கிழமை நானும் இளையவனும் ஓமந்தைச் சந்திக் கடையில் நின்றபோது, உள்ளிருந்து ஒரு கிழவர், "இளவன்னியனார், இந்த முறை கட்டு தாங்குமோ?" என்று கேட்டார்.

என் மகன், "தாங்கும், நான் பார்க்கிறன்" என்றான்.