வேப்பங்குச்சி செருகிய காது

2006இல் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை பார்த்தேன். கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் கவுன்டரின் பழக்கம்.

ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மாள், நெஞ்சுவலியில் துடித்த கணவரைக் கொண்டுவந்து சேர்த்தார். "அவுக பட்டாளத்துல இருந்தவுக, ஆத்தா. இதக் காட்டுனா காசு கேக்க மாட்டாகன்னு சொன்னாக" என்று முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அட்டையை நீட்டினார்.

"இங்க செல்லாதும்மா. முன்பணம் கட்டுங்க" என்றேன்.

பொய்யில்லை. எங்கள் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் எங்கே சேர்த்தாலும், இரண்டு நாளுக்குள் திட்ட அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டால் செலவை அவர்களே ஏற்பார்கள். அது எனக்குத் தெரியும். அவசரச் சிகிச்சைதான் என்ற சான்றுக்காக டாக்டர் பின்னால் அலைய வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அந்த அம்மாள் பணத்தோடு வந்தார். முதல் நாள் தோடு கிடந்த காதுகளில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு நாள் விதியை அந்த அம்மாளிடம் சொன்னேன். டாக்டரிடம் சான்று வாங்கி, நானே ஃபேக்ஸ் அனுப்பினேன். செலவைத் திட்டம் ஏற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து முன்பணம் கேட்குமுன், "வீட்ல யாரும் பட்டாளத்துல இருந்தாகளா?" என்று நானே கேட்டுவிடுவேன்.

சில மாதம் கழித்து, மீட்ட தோட்டோடு வந்த அந்த அம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயை என் மேசையில் வைத்தார். "நீ மட்டும் சொல்லலேன்னா நடுத்தெருவுல நின்னுருப்போம், ஆத்தா."

எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. முருங்கைக்காயை வாங்கி வைத்துக்கொண்டேன்.