ஒத்தைக்கட்டையின் லைசென்ஸ்

எண்பதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனிக்கு நான் வேன் ஓட்டினேன். காலையில் பெரியதாழைக் கரையில் ஏலம் முடிந்ததும் பெட்டிகளில் இறாலும் ஐஸும் போட்டு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஐஸ் உருகி இறாலின் தலை கறுத்துவிட்டால் திட்டு டிரைவருக்கு. அதனால் வேகமாகத்தான் ஓட்டுவோம். சாகுபுரம் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். போலீஸ் அங்கேதான் நிற்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பட்டப்பகலில் எதிரே வருகிற வண்டி இரண்டு தடவை லைட் அடித்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். நாமும் பதிலுக்கு ஒரு தடவை அடிப்போம். டீக்கடையில் நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச வாய் வராது. கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளில் மற்றவர்களோடு நான் பேசிய பேச்சு பெரும்பாலும் அந்த லைட்தான்.

அப்படியும் ஒரு நாள் மாட்டினேன். யாரும் வண்டியை மறிக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் தள்ளித் தள்ளி நின்று, இடைத்தூரத்தைக் கடக்க ஆன நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, நம்பரை எழுதிக்கொண்டார்கள். ஓட்டியது யார் என்று கேட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. மேனேஜர் என் பெயரை எழுதினார். அது சரிதான், ஓட்டியது நான்.

கோர்ட்டில் டவாலி என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து மூன்று தடவை கூவினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் அப்படி முழுதாகக் கூப்பிட்டதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதமும், கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தண்டனையும். லைசென்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை போட்டார்கள். மாலை வரை சுவரோரப் பெஞ்சில் இருந்தேன். ஜீவனாம்ச வழக்குக்கு வந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, ஊர் எது, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்தத் தண்டனை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நோட்டீஸ் வந்தபோது ஓட்டியது நான் இல்லை. எங்களில் மூத்த டிரைவர் அண்ணாச்சி. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் லைசென்ஸிலும் ஏற்கெனவே ஒரு முத்திரை இருந்தது. மேனேஜர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"ஒனக்கென்னடே, ஒத்தக்கட்ட. போயி நின்னுட்டு வா. அபராதத்தக் கம்பெனி கட்டிரும்."

கையெழுத்துப் போட்டேன். மறுக்கத் தெரியாததும் ஒரு காரணம். அன்று அண்ணாச்சி என் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார் என்பது இன்னொரு காரணம். சில மாதம் கழித்து மறுபடியும் அவருக்கே நோட்டீஸ் வந்தது. மறுபடியும் நான் போனேன்.

இந்தத் தடவை நீதிபதி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மூன்றாவது முறை, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இல்லை என்று தலையசைத்தேன். மூன்று மாதத்துக்கு ஓட்டத் தடை போட்டு லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடையில் ஓட்டி அகப்பட்டால் ஜெயில் என்றும் சொன்னார்கள்.

அந்த மூன்று மாதமும் கம்பெனி முற்றத்தில் பெட்டி கழுவினேன். முதல் வாரம் அண்ணாச்சி வேனை நிறுத்திவிட்டு என் அருகில் வந்து நின்றார். "ஒன்ன மறக்கமாட்டேன் தம்பி" என்றார். பிறகு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அப்புறம் அதுவும் இல்லை. என்னைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. மாலையில் அறைக்குப் போனால் கையில் இறால் வாடை. சொல்ல ஆள் இல்லை, சொல்லும்படி எதுவும் நடக்கவும் இல்லை.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த கிளார்க் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இன்னொண்ணு விழுந்தா இதை நீரு மறந்துற வேண்டியதுதான்." எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள் இருந்தது.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் மாதம் நோட்டீஸ் வந்தது. அண்ணாச்சி ஓட்டுகிற வண்டி. மேனேஜர் என் பெயரை எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துக்காகத் தாளைத் தள்ளினார். அண்ணாச்சி கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயால் என்னால் சொல்ல முடியவில்லை. பேனாவை வாங்கி, என் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். 'அன்று நான் விடுப்பில் இருந்தேன். வண்டியை ஓட்டியவர் பெயர் டிரிப் ஷீட்டில் இருக்கிறது' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆனதோ. மேனேஜர் படித்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணாச்சி திரும்பினார்.

"எம் பிள்ளைகள நெனைக்கலியேடே நீ."

நினைத்தேன். நினைத்துத்தான் இரண்டு தடவை போய் நின்றேன். அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அவருக்குத் தடை வரவில்லை, அபராதமும் ஒரு முத்திரையும்தான். ஆனால் அந்த ரோட்டில் ஓடுகிற மீன் வண்டிக்காரர்கள் எல்லோரும் கூடுவது ஒரே டீக்கடையில்தான். ஒரு வாரத்துக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. எதிரே வருகிற வண்டிகள் லைட் அடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டன.

அதன் பிறகு விதித்த வேகத்தைத் தாண்டாமல் ஓட்டப் பழகினேன். ஐஸ் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். பின்பக்கத்தில் இன்னொரு முத்திரை விழவில்லை. வழியில் போலீஸைக் கடந்து வந்தால், எதிரே வருகிறவர்களுக்கு நான் மட்டும் வழக்கப்படி இரண்டு தடவை அடித்துக் காட்டுவேன். அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். பதிலுக்கு யாரும் அடித்ததில்லை.