தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று

சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் எங்கள் ஊர் கெடாரில், எங்கள் வீட்டில் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்று என் இடது தோளில், எலுமிச்சங்காய் அளவுக்கு. இன்னொன்று என் மச்சானுக்கு, அதாவது என் சம்சாரத்தின் தம்பிக்கு, கன்னத்தின் உட்புறம், துவரம்பருப்பு அளவுக்கு. கட்டிகளில் ஆளைக் கொல்லும் ஜாதி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அது என்னுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் அனந்தபுரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன். எழுதப் படிக்கத் தெரியாது, விரல்தான் எனக்குப் படிப்பு. விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் துண்டுக்குள் மாறி மாறிப் பிடித்து, விரலை அமுக்கித்தான் விலை பேசுவோம். விரல் தளர்ந்தால் பேச இடமிருக்கிறது. விரல் அப்படியே நின்றுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாட்டையும் தடவித்தான் பார்ப்போம். கழுத்தில் வீக்கம் இருந்து, தொட்டால் மாடு துள்ளினால் நுகம் தாங்காது, விலை குறையும். கெட்டியாக இருந்து, அமுக்கினாலும் மாடு சும்மா நின்றால் அது வெறும் காய்ப்பு. அப்படி நான் காய்ப்பு என்று சொல்லி விற்றுக் கொடுத்த ஒரு மாடு மண்டகப்பட்டு போய்ச் சேருவதற்குள் வண்டியோடு படுத்துவிட்டது. அந்தக் கதை வேறு. அதிலும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

மாட்டுக்கு வைத்த சட்டத்தையே மனிதனுக்கும் வைத்தேன். என் கட்டி வலித்தது. பொழுதுக்கும் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுதான் வலிக்காது? மச்சானுடையது வலிக்கவில்லை. புகையிலையை அவன் அந்தப் பக்கம்தான் அடக்கிக்கொள்வான். வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. புகையிலைக் காய்ப்பு, கவலைப்படாதே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

என் கட்டிக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையும் என்று எங்கள் பக்கம் வேண்டிக்கொள்வார்கள். கரையவில்லை. பெரிய கட்டிக்குச் சின்ன வெல்லம் போட்டதுதான் தப்பு என்று அடுத்த வெள்ளிக்கிழமை முழு உருண்டையாகப் போட்டேன். மீன்கள்தான் கொழுத்தன. சாகப்போகிறவன் என்று வீட்டில் வாய்க்கு ருசியாகக் கேட்டுச் சாப்பிட்டேன்.

"சாவப்போறவரு ரெண்டாந்தரம் கொழம்பு கேக்குறாரு" என்று என் சம்சாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்கிற இடத்துக்கு மறுபடியும் எதற்குப் போவது? திண்டிவனத்தில் ஒரு டாக்டர் கெட்டிக்காரர் என்றார்கள். வழியில் நான் விழுந்துவிட்டால் தூக்குவதற்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் என் கட்டியை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினார். அது தோலுக்கடியில் நழுவிற்று. அவர் விரல் தளர்ச்சியாகத்தான் இருந்தது.

"கொழுப்புக் கட்டி. தனியா ஒரு பைக்குள்ள இருக்கு, அக்கம்பக்கம் பரவாது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பாட்டுக்கு இரு."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. வலிக்கிறதே என்றேன். அமுக்குவதை நிறுத்து, வலி நிற்கும் என்றார். மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயை அகலமாகத் திறந்து சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவனை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கன்னத்துக்குள் விரலை விட்டார். விரல் நின்றுவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"வலிக்கவே இல்லீங்களே" என்றான் மச்சான்.

"அதான் கெட்டது. மொதல்ல வலிக்காது. இதுக்குப் பை கிடையாது, வேர் விட்டு சதையைத் தின்னுக்கினே போவும்" என்றார். பிறகு தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வெகுநேரம் தடவினார். "கழுத்துக்கு இன்னும் எறங்கல. இன்னிக்கே பட்டணத்துக்கு ரயில் ஏறுங்க. பெரிய ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டா ஆளு பொழைப்பான்."

ஸ்டேஷனில் மச்சான் மடியிலிருந்து புகையிலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தில் போட்டான்.

வெட்டி எடுத்தார்கள். ரேடியமாம், அதை ஊசி ஊசியாகக் கன்னத்தில் குத்திவைத்தும் வைத்தியம் செய்தார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் அவனை ஊருக்கு அழைத்து வந்தேன். ஒரு பக்கக் கன்னம் குழி விழுந்து, வாய் கோணியிருந்தது. தெருவே கூடிவிட்டது. என் சம்சாரம் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் ஏதோ சொன்னான். காற்றுதான் வந்தது, ஒருவருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னான். அவள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்.

"பசிக்குதாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, கேப்பைக் கூழ் கரைக்க உள்ளே ஓடினாள்.