அத்தைக்கு மறதி இல்லை

என் மாமியாருக்கு மறதி நோய் இல்லை. இருப்பதாக எங்கள் வீட்டை நம்ப வைத்தவள் நான். அவரையே நம்ப வைத்தவளும் நான்தான்.

இதை என் கணவரிடம் சொன்னதில்லை. பெற்ற தாயிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை என்ற தைரியம்... வேறென்ன!

போன கோடை விடுமுறையில் பாங்காக் போனோம். நான், கணவர், மகள், அத்தை. கணவர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. பனியன் போய்ச் சேரும் நாடுகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் எல்லோருக்குமே அதுதான் முதல் வெளிநாடு.

அத்தையை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனுஷி. திருப்பூர் மண்ணரையில் எங்கள் தெருவிலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் உடுப்பைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருந்தால் தனியே எடுத்துப் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தனியாகப் பஸ் ஏறிச் சேவூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். துணைக்கு வரட்டுமா என்று கேட்டால் சிரிப்பார்.

அந்தப் பயணத்தில் அவர் எனக்குப் பாரமாக இருந்தார். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்! ஓட்டல் அறையில் கரண்ட் குக்கரில் சாதம் வைத்தார். நகரும் படிக்கட்டைக் கண்டால் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். எடுத்த படங்களில் எல்லாம் எனக்கும் கணவருக்கும் நடுவில் நின்று சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து ஒரு பயணம், அதில் எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். அவர் செய்த தவறுதான் என்ன? ஒன்றுமில்லை. சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள். மகளுக்கு மீன் காட்சியகம் காட்டக் கணவர் கிளம்பினார். "அம்மாவப் பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் அத்தையும் துணிக்கடைகள் மாடி மாடியாக அடுக்கியிருந்த ஒரு பெரிய கட்டிடத்துக்குள் நுழைந்தோம்.

திருப்பூர்க்காரர்களைத் துணிக்கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது. உடுப்பின் அழகைப் பார்க்க மாட்டோம். உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்போம். அத்தை ஒவ்வொரு கடையிலும் நின்றார்.

"இதப் பாரு அம்மிணி, கழுத்துல தையல் எப்படிக் கோணலா ஓடியிருக்குதுன்னு. நம்ம கம்பெனில இத உடுவாங்களா?"

"ம்."

"இங்க வாயேன், இதுல பிசிறே வெட்டல."

நகத்தால் நூலைப் பிய்த்து வேறு எடுத்தார். கடைப் பெண்கள் முறைத்தார்கள். எனக்கு மானம் போனது.

நகரும் படிக்கட்டுக்கு அருகில் வந்தோம். பக்கத்துக் கடையில் அவர் ஒரு டீ-சர்ட்டைத் திருப்பிக்கொண்டு நின்றார். முதுகு என் பக்கம் இருந்தது. நான் படியில் கால் வைத்தேன். மேலே போகப் போகத் திரும்பிப் பார்த்தேன்... அரக்குச் சேலை தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. படிக்கட்டில் தனியாக ஏற அவர் பயப்படுவார் என்று எனக்குத் தெரியும்.

மேல் மாடியில் குளிர்ந்த காபி வாங்கிக் குடித்தேன். தனியாக, நிதானமாக. அது எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா! அந்த ருசியைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இறங்கி வந்தபோது அத்தை அங்கே இல்லை.

அவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அவர் கைப்பேசியில் அந்த நாட்டு சிம் கிடையாது. கடை கடையாக ஓடினேன். எந்த மாடி, எந்த வரிசை என்று எனக்கே குழம்பிவிட்டது. கடைசியில் கணவரை அழைத்தேன். மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எப்படிக் காணாமப் போனாங்க?"

"கையப் புடிச்சுட்டுத்தானுங்க இருந்தேன். எப்ப உட்டாங்கன்னே தெரியலீங்க."

யோசிக்காமல் வந்த பொய். எவ்வளவு சரளமாக வந்தது!

அத்தை கீழ்த்தளத்தில் இருந்தார்; எங்களைத் தேடிச் சாதாரணப் படிக்கட்டு வழியாக இறங்கியிருக்கிறார். யாரோ ஒரு கடைக்காரப் பெண் தன் ஸ்டூலைக் கொடுத்து உட்கார வைத்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அத்தை எழுந்து ஓடி வந்தார். மகனிடம் போகவில்லை. என்னைக் கட்டிக்கொண்டார்.

"வந்துட்டியா அம்மிணி... என்னைய உட்டுப்போட்டு ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சுட்டேன்."

பயந்த மனிதருக்குக் கோபம்தானே முதலில் வரும்? என் கணவருக்கும் வந்தது. "அவ கையப் புடிச்சுட்டு வந்திருக்கறா. அதையும் உதறிட்டா போவீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். சந்தேகப் பார்வை இல்லை அது. புரியாத பார்வை.

"கையா... புடிச்சிருந்தியா அம்மிணி?"

"ஆமாங்க அத்தை."

பிறகு மகனிடம் திரும்பினார். "அப்ப என் தப்புதான் சாமி. நாந்தான் உட்டுப்போட்டேன்."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? கணவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவ்வளவு சின்னக் காரணம்தான்... இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் விமானம் கிளம்பியதிலிருந்து கோயம்புத்தூரில் இறங்கும்வரை அத்தை என் கையை விடவில்லை. இடையில் விமானம் மாறியபோதும் விடவில்லை. சாப்பாடு வந்தபோது ஒரு கையாலேயே சாப்பிட்டார். வீடு வந்ததும் பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம், "எம் மருமவ மட்டும் இல்லீனா நான் அந்த ஊர்லயே கெடந்திருப்பேனுங்க" என்றார். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் காபி கலக்குவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். சேவூர்ப் பஸ் நின்றது. செக்கிங் வேலையும் நின்றது. அடுப்பு பற்ற வைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமென்றார். எல்லாம் பாசத்தால் செய்ததுதான். அத்தை எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தன் மேலேயே நம்பிக்கை இல்லாதவர் எதை வைத்து மறுப்பார்?

மருத்துவரிடமும் கூட்டிப் போனோம். இன்று என்ன கிழமை, என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அத்தை டக்டக்கென்று பதில் சொன்னார். ஒன்றும் இல்லை, வீணாகக் கவலைப்படாதீர்கள் என்றார் மருத்துவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது அத்தையே அவரிடம் சொன்னார்:

"இல்லீங்க டாக்டர். மருமவ என் கையப் புடிச்சிருந்தாளாமுங்க. எனக்கு அது ஞாபகமே வரலீங்க. எவ்வளவு ரோசன பண்ணியும் வரலீங்க."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று அவர் வெளியே போவதென்றால் என்னோடு மட்டும்தான். கோயிலுக்கு, சேவூருக்கு, தெருமுனைக் கடைக்கு. நானும் அவரை இப்போது உண்மையாகவே நேசிக்கிறேன். நம்புவீர்களா? தலை வாரிவிடுகிறேன். அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பைக் கடைந்து ஊட்டாத குறையாகப் பரிமாறுகிறேன். இது அன்பா, பரிகாரமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் அவருக்கு நம்பிப் பிடிக்க ஒரு கையும் இருக்காதே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் எனக்கு வசதியான நியாயம்தான்!

போன வாரம் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை அருகில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, அன்னிக்கு நீ எந்தக் கையப் புடிச்சிருந்த? வலதா, இடதா? சொன்னீனா ஞாபகம் வருதான்னு பாக்கறேன்."

கடவுள் எனக்கு இன்னுமொரு வாய்ப்புக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"வலது கைங்க, அத்தை" என்றேன்.

அவர் தன் வலது கையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆமா கண்ணு... இப்ப லேசா ஞாபகம் வருது" என்றார்.