தங்கை எங்களுக்குப் பிறக்கவில்லை என்று நிரூபித்தது

என் தங்கைக்கு எட்டு வயதில் இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மாதம் ஒரு நீலக் கடிதத்தில் வருவார். இன்னொருவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். தினமும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருவார். முதலாமவர்தான் பெற்றவர். ஆனால் அரசாங்கத்துக்குத் தெரிந்த அத்தனை காகிதத்திலும் இரண்டாமவர் பெயர்தான் இருந்தது. அந்த இரண்டாமவர் என் அப்பா.

தங்கை என்றால் சித்தப்பா மகள். சித்தி நர்ஸ். தங்கைக்கு ஒன்றரை வயதானபோது சித்திக்கு அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது; அடுத்த வருஷம் சித்தப்பாவும் பின்னாலேயே போனார். "ஆறே மாசம் அண்ணி, பிள்ளையைக் கூப்பிட்டுக்கறோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஆறு மாதம் ஆறு வருஷமாக நீண்டது. அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. அவர்கள் முதலில் அங்கே நிலைக்க வேண்டும், பிறகு பிள்ளையை அழைக்க மனுப் போட வேண்டும், அந்த மனு வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை பிள்ளை எங்கள் குவார்ட்டர்ஸில், எனக்கும் சுவருக்கும் நடுவில் படுத்து, என் மேல் கால் போட்டுக்கொண்டு வளர்ந்தாள்.

அப்பா பொய் சொல்லாதவர். பஸ்ஸில் கண்டக்டர் மறந்துவிட்டால், கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்த் தானே டிக்கெட் கேட்டு வாங்குவார். அப்படிப்பட்டவர், தங்கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தடுமாறிப் போனார். டவுன்ஷிப் பள்ளியில் சுரங்கத்துப் பெர்மனன்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். தம்பி பிள்ளைக்கு இல்லை. விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். ஆஸ்பத்திரி மெடிக்கல் புத்தகத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் மசிப்பேனாவில், தெளிவான கையெழுத்தில், கீழே தேதி போட்டுச் சொன்னார்.

பொய்யைச் சொன்னால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். அதனால் தங்கைக்குப் பாடம் நடந்தது. வீட்டில் பெரியப்பா, பெரியம்மா. வெளியே, மேசைக்குப் பின்னால் யாராவது பேனாவோடு உட்கார்ந்து கேட்டால், அப்பா, அம்மா.

"டாக்டர் கேட்டா?" என்றாள் தங்கை.

"டாக்டருக்கும் மேசை இருக்குல்ல? அங்கயும்தான்."

"ரேஷன் கடையில?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அங்கயும்" என்றார்.

அவள் கெட்டிக்காரி. பெயர் கேட்டால் நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அப்பா பெயர், அம்மா பெயர், அப்பாவின் சுரங்க டோக்கன் நம்பர், பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பண்ருட்டியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர் சும்மா "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு, அவள் டோக்கன் நம்பர் வரை சொல்லி முடிக்கும்வரை பில் போடாமல் உட்கார்ந்திருந்தார். நாளாக ஆக, மேசை இல்லாத வீட்டிலும் அவள் என் அம்மாவை "ம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். யாரும் திருத்தவில்லை.

நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள். சண்டை முற்றினால் என்னிடம் கடைசியாக ஓர் ஆயுதம் இருந்தது: "நீ ஒண்ணும் எங்க அம்மாவுக்குப் பொறக்கல." அவள் அசரமாட்டாள். "ஸ்கூல்ல போய்க் கேளு" என்பாள். பள்ளிக்கூட ரெஜிஸ்டர் அவள் பக்கம்தான் இருந்தது.

எனக்குப் பத்து வயதானபோது சித்தப்பாவிடமிருந்து தடித்த உறை வந்தது. மனு வரிசையில் முன்னே வந்துவிட்டது, இன்னின்ன காகிதம் வேண்டும் என்று பட்டியல். முதலில் பிறப்புச் சான்றிதழ். தங்கை பிறந்தது காடாம்புலியூரில், சித்தியின் அம்மா வீட்டில். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அதைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரசவம் பார்த்த அம்மாளைத் தேடி அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க புள்ளைய கையில வாங்கனேன். எனக்கு மறக்குமா?" என்றார். "தேதியா? தேதிய நான் எங்கங்க பாத்தேன். வூட்டு வாசல்ல பலாப்பழம் வண்டி ஏத்திகினு இருந்தாங்க. இது உள்ள கத்திகினு இருந்துச்சு. எழுதிக்குங்க."

அப்பா எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார். பலாப்பழத்தை அப்படியே எழுதுவதா என்று நோட்டரி வக்கீல் தயங்கியதாகவும், உண்மையைத்தானே சொல்கிறோம் என்று அப்பா வாதாடியதாகவும் கேள்வி.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, சித்தி அனுப்பிய புது கவுனைப் போட்ட தங்கையையும் கூட்டிக்கொண்டு அப்பா மெட்ராஸில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்தது இதுதான். உள்ளே ஒரு பெரிய மேசை. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர். அவர் கையில் பேனா. பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர் அன்பாக, "பயப்படாம சொல்லும்மா, உங்க அப்பா அம்மா பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறார். தங்கை நிமிர்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். என் அப்பா பெயர், என் அம்மா பெயர், டோக்கன் நம்பர், பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். பள்ளிச் சான்றிதழிலும் அதுவே இருந்தது. அண்ணன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லி அழைக்கப் பார்க்கிறார் தம்பி என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

"அவ மேல என்ன தப்பு?" என்றார் அப்பா. "மேசை இருந்துச்சு. பேனா இருந்துச்சு."

தங்கை ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்து அழுதாள். "சரியாத்தானே சொன்னேன்?" என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு அழுதாள். அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரியாத்தான் சொன்ன" என்றாள்.

அப்பா மறுபடியும் மசிப்பேனாவை எடுத்தார். இந்தப் பிள்ளை என் தம்பி மகள், பள்ளியில் இடம் கிடைக்கத் தவறான தகவல் கொடுத்தேன் என்று பள்ளிக்கும் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தார். வேலைக்கே ஆபத்து வரலாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் பயமுறுத்தினார்கள். நல்லவேளையாக ஒரு மெமோவோடு போயிற்று. அந்த மெமோவையும் ஆதாரமாக இருக்கட்டும் என்று தூதரகத்துக்கு ஒரு நகல் அனுப்பிவைத்த மனிதர் அவர்.

வீட்டில் பாடம் தலைகீழாக நடந்தது. இந்த முறை சொல்லிக் கொடுத்தவள் அம்மா. சாயங்காலம் தலை பின்னும்போது தினமும் நடக்கும்.

"உங்கம்மா பேரு என்ன?"

தங்கை பழக்கத்தில் என் அம்மா பெயரைச் சொல்வாள். அம்மா சடையை லேசாக இழுப்பாள். தங்கை சித்தி பெயரைச் சொல்வாள்.

"அப்ப நான் யாரு?"

"பெரியம்மா."

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

"பெரியம்மா."

எனக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. டிரங்குப் பெட்டியை மேசையாகப் போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு நானே வெள்ளைக்கார ஆபீசராக உட்கார்ந்தேன். தப்பாகச் சொன்னால் ஃபெயில் போட்டேன். ஒரு மாதத்தில் அவள் தப்பே செய்யவில்லை. தண்ணீர் கேட்பதற்கும் "பெரியம்மா" என்றாள். "இப்பத்தான் சரியாச் சொல்றா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். என் பயிற்சிதான் காரணம் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் தூதரகத்துக்கு வாய்வார்த்தை போதவில்லை. ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதினார்கள். சித்தப்பாவும் சித்தியும் அங்கே கொடுக்க வேண்டும். தங்கையோடு என் அப்பாவும் அம்மாவும் மெட்ராஸில் அவர்கள் சொன்ன இடத்தில் கொடுக்க வேண்டும். தங்கை யாருக்குப் பிறந்தாள் என்று அந்த நாளில் ரத்தத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. யாருக்குப் பிறக்கவில்லை என்று சொல்ல முடியும். பஸ்ஸில் போகும்போது அப்பா எனக்கு விளக்கினார். அவர் ரத்தம் ஓ பிரிவு. சுரங்க அடையாள அட்டையிலேயே இருந்தது. சித்தப்பாவுடையது பி என்று கடிதத்தில் வந்திருந்தது. ஓவுக்கும் ஓவுக்கும் ஓ பிள்ளைதான் பிறக்கும்; அதனால் தங்கையும் பி ஆக இருந்து, அம்மாவும் ஓ ஆக இருந்துவிட்டால், தங்கை எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்பது தீர்ந்துவிடும். அம்மாவே பி ஆக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, மனு அப்படியே தொங்கும். என்னையும் ஊரில் வீட்டிலேயே பெற்றவள் என்பதால், அம்மாவின் ரத்தம் என்னவென்று கேட்க அதுவரை யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

"எல்லாம் உன் கையிலதான் இருக்கு" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தங்கை அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். ஊசிக்குழாயிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, மருந்தைக் கலந்து ஆட்டிப் பார்த்தார். தங்கை பி. அப்பா ஓ. பிறகு அம்மாவின் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓ" என்றார்.

அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை. அந்த ஓர் எழுத்துதான் நான்கு மாதம் கழித்துத் தங்கையை விமானம் ஏற்றியது. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று அப்பா அவளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடியிருப்பேன். அம்மா எழுந்திருக்காததால் நின்றேன்.

"ஏங்க" என்று அம்மா அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். "இன்னொரு தடவை பாத்துடறீங்களா?"

"தப்பா வராதும்மா."

"எதுக்கும் ஒரு தடவை."

அந்த அம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபிக்கவில்லை. வேறு விரலில் குத்தி, வேறு தகட்டில் விட்டு, முன்னைவிட நிதானமாக ஆட்டினார். அம்மா அந்தத் தகட்டின் மேல் குனிந்து, அவர் பார்ப்பதற்கு முன்பே தான் பார்த்துவிட வேண்டும் என்பதுபோலப் பார்த்தாள்.

"அதேதாம்மா. ஓ."

"சரிங்க" என்றாள் அம்மா.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா ஒரு கையில் ஐஸ்கிரீமும் மறு கையில் தங்கையுமாக நின்றிருந்தார். நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று முன்னால் ஓடினேன்.

"அப்பா, அம்மா விடல. இன்னொரு தடவை பாக்கச் சொன்னாங்க. நல்லாப் பாத்துட்டாங்க. அம்மாவுக்கும் இவளுக்கும் ஒண்ணுமே இல்லயாம்."

அப்பா சிரிக்கப்போய் நிறுத்திவிட்டார். ஐஸ்கிரீமை என் கையில் கொடுத்தார். வீட்டுக்குள்ளேகூட எங்கள் எதிரில் அம்மாவைத் தொட்டுப் பேசாதவர், அத்தனை பேர் போய்வரும் தெருவில், பின்னால் வந்து நின்ற அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு விரலிலும் ஊசி குத்தியிருக்கிறதே, ரத்தம் நிற்கத்தான் அப்படி அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.